டேலி ஆகாத எண்

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லையென்றால் எங்கோ தப்பு என்று தெரியும். எங்கே என்று தெரியாது.

147573952589676412927. அதாவது 2இன் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. இது பகா எண் என்று 1644இல் சொன்னார் மெர்சென். 1876இல் லூகாஸ், 'இல்லை, பகு எண்' என்று காட்டினார். எதனால் வகுபடும்? அது அவருக்கே தெரியாது! காரணியைத் தேடாமலே தீர்ப்புச் சொல்லும் சோதனை அவருடையது. (எனக்கு இன்னும் மாயமாகத்தான் இருக்கிறது.)

1903இல் நியூயார்க்கில் கோல் என்பவர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார்: 193707721 × 761838257287. கண்டுபிடிக்க மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஆனதாம்.

சரிபார்க்கலாமென்று கால்குலேட்டரைத் தட்டினேன். கடைசி இலக்கங்களை விழுங்கிவிட்டது. பேப்பரில் பெருக்கினேன். முக்கால் மணி நேரம். இரண்டாவது தடவைதான் டேலி ஆச்சு.