மனம் புண்படுபவர்கள் டிக்கெட் வாங்க வேண்டாம்

திருவாலங்காட்டுக் கோயில் கதை பலருக்கும் தெரிந்ததுதான். சிவனுக்கும் காளிக்கும் நடனப் போட்டி. காளி சளைக்காமல் ஆடுகிறாள். பார்த்தார் சிவன். காதில் இருந்த குழையைக் கீழே விழவிட்டு, அதைக் கால் விரலால் எடுத்து, காலைத் தலைக்கு மேல் தூக்கிக் காதில் மாட்டிக்கொண்டார். சபை நடுவே ஒரு பெண் அப்படிக் காலைத் தூக்குவாளா? வெட்கப்பட்டு நின்றுவிட்டாள், தோற்றாள். அழுகுணி ஆட்டம் என்று யாராவது சொன்னால் மறுப்பது கஷ்டம். ஊருக்கும் அப்படித் தோன்றியதோ என்னவோ, தோற்ற காளியை முதலில் கும்பிட்டுவிட்டுத்தான் ஜெயித்தவரிடம் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம்!

சாமியையும் கொஞ்சம் சீண்டிப் பார்ப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் வருவான். துரியோதனன் வருவதை அறிவிப்பதுதான் அவன் வேலை. ஆனால் அதற்குள் ரேஷன் கடை அரிசி, வராத பஸ், முன்வரிசையில் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர் என்று எல்லோரையும் ஒரு வாங்கு வாங்கிவிடுவான். பாரதத்தில் ரேஷன் கடை எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இன்று நகரத்தில் ஸ்டாண்ட்-அப் காமெடி என்று டிக்கெட் போட்டு நடத்துவதை அவன் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எப்போதோ செய்துவிட்டான். ஒரே வித்தியாசம், கட்டியங்காரன் கேலி விடிந்தால் முடிந்தது. பெரியவரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

விடிந்த பிறகும் முடியாத கேலி ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. அதன் பெயர் எம்.ஆர். ராதா.

1907-ல் சென்னையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனிகளில் சேர்ந்து வளர்ந்தவர். பெரியார் கொள்கையைப் பிடித்துக்கொண்ட பிறகு அவருடைய மேடை பாதி நாடகம், பாதி பொதுக்கூட்டம். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' 1954-ல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாக வந்ததால் இன்றைக்கும் அந்தக் கரகரத்த குரல் எல்லோருக்கும் தெரியும். ஆனால் படத்தில் பார்ப்பது பிடித்து உறைய வைத்த ராதா. மேடையில் இருந்தவர் வேறு. அன்றைய பேப்பரில் வந்த செய்தி அன்று இரவே நாடகத்துக்குள் வந்துவிடும். கீழே இருந்து ஒருவர் குரல் கொடுத்தால், பாத்திரத்தை விட்டு வெளியே வந்து அவருக்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி பாத்திரத்துக்குள் போவார். காசு கொடுத்து வந்தவனையே திட்டுவார், திட்டு வாங்கியவன் மறுநாளும் வருவான். இது என்ன வியாபாரம் என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் விளக்கம் கிடைக்காது.

ராமாயணத்தைக் கிண்டல் செய்து அவர் நாடகம் போட்டபோதுதான் விஷயம் முற்றியது. தடை, கைது, வழக்கு. ஒரு நாடகத்தைத் தடை செய்தால் பெயரை மாற்றி அதையே போடுவார். 1954-ல் சென்னை மாநிலம் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆட்சேபகரமான நாடகத்தைத் தடுக்கலாம், பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ராதாவை மனதில் வைத்துப் போட்ட சட்டம் என்றே பலரும் அதைப் பேசினார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரதியைப் பார்த்து ராதாவை எப்படிப் பிடிப்பது? அவர் பேசியதில் வம்பு இழுத்ததெல்லாம் பிரதியிலேயே இல்லாததுதானே!

(இன்னொரு வேடிக்கை. இந்தச் சட்டம் அப்போது திருவாலங்காட்டுக்குச் செல்லாது. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் இந்தப் பக்கம் வந்தது. ஊர் நகரவில்லை, கோடு நகர்ந்தது. புண்படுத்தும் வசனம் எது என்பதும் கோட்டோடு சேர்ந்து நகர்ந்தது.)

ராதா செய்ததிலேயே கெட்டிக்காரத்தனமானது ஒரு விளம்பரம். இந்த நாடகத்தைப் பார்த்தால் மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வர வேண்டாம், அவர்கள் காசும் தனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். பி.காம். முதல் வருஷம் வணிகச் சட்டம் படித்த யாருக்கும் இது உடனே புரியும். டிக்கெட் என்பது ஓர் ஒப்பந்தம். விற்பவர் சரக்கில் என்ன இருக்கிறது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அதன் பிறகும் வாங்கினால் சம்மதித்து வாங்கியதாகத்தான் அர்த்தம். பிடிக்கவில்லையா, வாசல் திறந்திருக்கிறது. புண்பட்டவரின் உரிமையையும் கிண்டலடிப்பவரின் உரிமையையும் இவ்வளவு சுருக்கமாகத் தீர்த்து வைத்த வேறு ஏற்பாடு கிடைப்பது அரிது. போலீஸ் தேவையில்லை, சென்சார் தேவையில்லை, ஒரு வாசல் போதும்.

அதற்காக ராதா சொன்னதெல்லாம் வேதம் என்று யாரும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை (அவரே சிரிப்பார்). 'ரத்தக்கண்ணீர்' கதையில் தொழுநோய் ஒரு தண்டனையாக வருகிறது. உண்மையான தொழுநோயாளி ஒருவர் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? பணக்காரன் கெட்டதற்குப் பழி தாசி காந்தா மீது விழுகிறது. மேலே இருப்பவனைக் குத்தும் ஊசி சில சமயம் கீழே இருப்பவர்களையும் குத்தியது. பிறகு 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். மீது துப்பாக்கிச் சூடு, வழக்கு, சிறை. நாக்கை மட்டுமே வைத்து ஒரு அரசாங்கத்தைச் சட்டம் போட வைத்த மனிதருக்குத் துப்பாக்கி எதற்கு என்ற கேள்விக்கு அவருடைய ரசிகர்களிடமே இன்றுவரை சரியான பதில் இல்லை. 1979-ல் இறந்தார், செப்டம்பர் 17-ல். பெரியாரின் நூறாவது பிறந்த நாள் அது.

அந்த 1954 சட்டம் மட்டும் சாகவில்லை. நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி போட்ட வழக்கில்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. ராதா போய் 34 வருஷம் ஆகியிருந்தது. அமெரிக்காவில் லென்னி புரூஸ் என்ற காமெடியனுக்கும் இதே கதிதான். மேடையில் ஆபாசமாகப் பேசினார் என்று 1964-ல் நியூயார்க்கில் தண்டனை, 1966-ல் மரணம், 2003-ல் ஆளுநரின் மன்னிப்பு. செத்தவர்களின் ஜோக்குகளைப் பொறுத்துக்கொள்வதில் எல்லா நாட்டு அரசாங்கங்களும் தாராளம்தான்.

உயிரோடு இருப்பவர்கள் கதை வேறு. 2021 புத்தாண்டு அன்று இந்தூரில் முனாவர் ஃபாரூக்கி கைதானார், வெளியே வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அவர் அன்று மேடையில் சொல்லவே இல்லாத ஜோக்குக்காக உள்ளே போனார் என்பதுதான் விசேஷம். குணால் காம்ரா இன்னும் ஒரு படி மேலே. 2020-ல் உச்ச நீதிமன்றத்தைக் கிண்டல் செய்த பதிவுகளுக்கு அவமதிப்பு வழக்கு வந்தபோது மன்னிப்புக் கேட்க மறுத்தார். தகவல் தொழில்நுட்ப விதிகளில் மத்திய அரசு கொண்டுவந்த உண்மை சரிபார்ப்புப் பிரிவை எதிர்த்து அவரே மனுதாரராகப் போனார். 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அடுத்த மார்ச்சில் மகாராஷ்டிரத் துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயைப் பெயர் சொல்லாமல் கேலி செய்த பாட்டு வெளியானது. அன்று இரவே நிகழ்ச்சி நடந்த ஹேபிடட் அரங்கம் நொறுக்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்தில் குடியிருந்த காம்ராவுக்கு இடைக்கால முன்ஜாமீன் கொடுத்தது சென்னை உயர் நீதிமன்றம்.

ராதாவின் விளம்பரம் இங்கேதான் உதவாமல் போகிறது. காம்ராவின் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியவர்கள் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அரங்கத்தை உடைத்தவர்கள் டிக்கெட் வாங்கியவர்கள் அல்ல. போனில் வந்த வீடியோவைப் பார்த்துப் புறப்பட்டு வந்தவர்கள். ஜோக் தானாக வீடு தேடிப் போய்க் கதவைத் தட்டும் காலத்தில் "பிடிக்காதவர்கள் வராதீர்கள்" என்று யாரிடம் சொல்வது? அப்போதும் ஸ்க்ரீனை அணைக்க ஒரு விரல் போதும், அது வாசலை விடப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் புண்பட வேண்டும் என்றே பார்ப்பவருக்கு எந்த விரல் உதவும்?

இன்னொன்று, காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. ராதாவிடம் சொந்தக் கம்பெனி இருந்தது. சொந்தத் திரை, சொந்த ஆட்கள். ஒரு ஊரில் தடை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊரில் இறங்கினார். இன்றைய காமெடியனுக்கு அரங்கம் வாடகை, டிக்கெட் விற்பவர் வேறு கம்பெனி, வீடியோ ஏற்றும் இடம் இன்னொரு கம்பெனி. அவரை மிரட்ட வேண்டிய அவசியமே இல்லை, நடுவில் இருப்பவரை மிரட்டினால் போதும். காம்ரா மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் சில நாட்களில் டிக்கெட் விற்பனைத் தளத்தில் அவர் பெயர் காணாமல் போனது. எந்த ஜோக்கும் சொல்லாத ஹேபிடட் அரங்கம், கதவைச் சாத்திக்கொள்வதாக அறிவித்தது.