அலைப் பலகை

“உபாத்தியாயருக்கு இந்த வயதில் கடலில் என்ன விளையாட்டு?” என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆயினும் கோவளம் கடற்கரையில் பையன்கள் அலைமேல் நின்று சறுக்கி வருவதைக் கண்டபின் மனம் அடங்கவில்லை. சிநேகிதர்கள் இருவரும் நானும் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு ‘சர்ஃப்’ பலகை செய்யத் தொடங்கினோம்.

ஹவாய்த் தீவினர் ஒரே மரத்தில் செதுக்கிய பழைய பெரும் பலகைகள் மகா கனம். டாம் பிளேக் என்ற அமெரிக்கர் உள்ளே கூடாக வைத்துக் கனத்தைக் குறைத்து, 1932-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவர் வழியையே நாங்களும் பின்பற்றினோம். விலா எலும்புகளைப் போல் சட்டங்களை நிறுத்தி, மேலும் கீழும் மெல்லிய பிளைவுட்டை ஒட்டி, மூன்று மாதம் இழைத்தோம். ஒரு துளி நீரும் புகாதபடி இடுக்குகளையெல்லாம் அடைத்தவன் நான். அதில் எனக்குத் தனிப் பெருமை.

பங்குனி வெயிலில் பலகையைக் காயவைத்தோம். நடுப்பகலில் ‘படீர்’ என்று ஒரு சத்தம்! ஓரத்து ஒட்டு ஒரு முழ நீளத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. உள்ளே அடைபட்ட காற்று சூடேறி, போக வழியின்றி முட்டியிருக்கிறது. ஒரு சிறு துவாரமும், கடலில் இறங்கும்போது அதை மூடத் திருகாணியும் வைத்திருந்தால் போதும். இருபது வருஷமாக இந்த விதியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் அடியேன்!

சிநேகிதர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை; மறுபடியும் பசை கலக்க உட்கார்ந்தார்கள். மறுநாள் பிளந்த துண்டை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். பையன்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்த விதியை அவர்கள் இனி மறக்கமாட்டார்கள், நானும்தான்.