நவம்பர் மாதமும் வாழ்நாள் சான்றும்

நவம்பர் 1

ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை ஆண்டுக்கு ஒருமுறை உறுதிசெய்யும் ஆவணமே வாழ்நாள் சான்று. மத்திய அரசு ஓய்வூதியர்கள் அதனை அளிக்கவேண்டிய மாதம் இன்று தொடங்குகிறது. எண்பது வயதைக் கடந்தோர் அக்டோபரிலேயே அளிக்கலாம். வங்கிப் படியேற இயலாத முதியோருக்காக, ராசிபுரத்து முதியோர் இல்லம் ஒன்றின் கூடத்தில் கல்லூரித் தன்னார்வலர்கள் கைப்பேசியுடன் அமர்ந்திருக்கின்றனர்.

நவம்பர் 10

ஜீவன் பிரமாண் எனப்படும் மின்னணு வாழ்நாள் சான்று தொடங்கப்பெற்றது 2014ஆம் ஆண்டு இதே நாளில்தான். ஆதாரில் பதிந்த கைரேகையையோ கருவிழியையோ ஒப்பிட்டு ஆளை அடையாளம் காணும் அம்முறை முதியோரின் அலைச்சலைக் குறைத்தது எனினும், பட்டுத் தறியிலும் சேகோ ஆலையிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை சரிவர விழுவதில்லை. 2021 நவம்பரில் அறிமுகமான முக அடையாள முறை இத்தகையோருக்குப் பெரும் ஆறுதல். இதில் உதவுபவர் முதலில் தம் ஆதாரையும் முகத்தையும் பதிந்துகொள்ள, பின்னர் முதியவர் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்ட, எதிரில் இருப்பது புகைப்படமன்று, ஆளே என்பதைச் செயலி உறுதிசெய்துகொள்கிறது. சான்றின் எண் குறுஞ்செய்தியாக வந்துசேர்கிறது. சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் முகம் இருண்டுவிடுவதால், நாற்காலியைத் திருப்பிப் போடுவதே தன்னார்வலரின் முதல் வேலையாகிறது.

நவம்பர் 17

நேரம் மிச்சமாகும் என்று தன்னார்வலரே கைப்பேசியை வாங்கித் தட்டி முடித்துவிடுவது பணியை முடிக்குமேயன்றி முதியவருக்கு எதையும் கற்றுத்தராது. ஓய்வுபெற்ற செவிலியரான மூதாட்டி ஒருவர் திரையில் விரலை அழுத்தியே வைத்திருந்ததால் செயலியின் சின்னம் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது. “தொட்டதும் எடுத்துருங்க ஆயா” என்று மாணவி பலமுறை சொல்லியும் பிடிபடாத ஒன்று, அவள் மேசைமேல் விரலால் தட்டிக் காட்டியதும் பிடிபட்டுவிட்டது. “இவ்வளவுதானா கண்ணு” என்றார் அவர். எழுத்துகளைத் தேடித் தட்டத் தடுமாறுவோருக்கு, பேசுவதை எழுத்தாக்கும் வசதி 2017 முதல் கூகுள் விசைப்பலகையில் தமிழிலும் உண்டு.

நவம்பர் 24

ஓடிபி என்பது ஒரே ஒருமுறை செல்லும் கடவு எண். அதைத் தொலைபேசியில் கேட்பவர் எவராயினும் சொல்லலாகாது என்பதும், பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும் என்பதும் இன்று கற்பிக்கப்பட்டன. சான்று பெறுவதைவிட இப்பாடமே இன்றியமையாதது. ஏமாற்றுவோர் தனித்திருக்கும் முதியோரையே நாடுகின்றனர்.

நவம்பர் 30

சான்றுப் பணி முடிந்தபின் அடுத்து எதைக் கற்க விருப்பம் என்று கேட்கப்பட்டபோது, பெரும்பாலோர் பேரப்பிள்ளைகளை முகம் பார்த்துப் பேசும் காணொலி அழைப்பையே கூறினர். டிசம்பரிலும் சனிக்கிழமைதோறும் வர மாணவியர் சிலர் ஒப்புக்கொண்டுள்ளனர்.