தங்கமணியும் ஒரு சிவப்புப் புள்ளியும்

2018 பொங்கலுக்கு எங்க அபார்ட்மெண்ட் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து கீழே பார்க்கிங்கில் பொங்கல் வெச்சோம். புதுசா குடிவந்த ஒருத்தர் தங்கமணியைப் பார்த்துட்டு என்கிட்ட, "மேடம் எங்க வொர்க் பண்றாங்க?"ன்னு கேட்டார். நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "வீட்லதான் சார். டைம்பாஸுக்கு பெயிண்டிங் பண்ணுவாங்க"ன்னு சொல்லித் தொலைச்சேன்.

லிஃப்ட்டில் ஏறினதும் ஒரே ஒரு வார்த்தைதான் வந்துச்சு. "டைம்பாஸா?"

அப்புறம் நாலு நாளைக்கு வீட்ல சாப்பாடு வந்துச்சு, பேச்சு வரலை.

கொஞ்சம் முன்கதை. தங்கமணி கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படிச்சவங்க. படிக்கிற காலத்துல காவிரிப் படித்துறை, அரசலாற்றுப் பாலம், கோயில் மண்டபம்னு உட்கார்ந்து வரைஞ்சு தள்ளினவங்க. 2007ல் என்னைக் கட்டிக்கிட்டு பெங்களூர் வந்தாங்க. 2009ல் பொண்ணு பொறந்தா. ட்ராயிங் போர்டு பரணுக்குப் போச்சு. நான் அதை மேலே போடச் சொல்லலை. ஆனா கீழே எடுக்கவும் சொல்லலை. ஏழெட்டு வருஷம் அது அங்கேயே கிடந்துச்சு.

பொண்ணு கொஞ்சம் வளர்ந்ததும் துணி காயப்போடற இடம் ஸ்டுடியோ ஆச்சு. ஆயில் பெயிண்ட்னா காயறதுக்கே நாள்கணக்குல ஆகும், டர்பன்டைன் வாசம் வேற. அதனால அக்ரிலிக். துவைச்ச துணி ஒரு பக்கம், கேன்வாஸ் ஒரு பக்கம். என் ஆபீஸ் சட்டை ரெண்டுல இன்னமும் நீலப் பொட்டு இருக்கு.

2017ல் முதல் குரூப் ஷோ. முப்பது பேர் சேர்ந்த கண்காட்சி. கலந்துக்கிறதுக்குக் கட்டணம் எட்டாயிரம். வித்தா கேலரிக்கு மூணுல ஒரு பங்கு கமிஷன். எது எந்தச் சுவருன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. தங்கமணியோட படத்துக்குக் கிடைச்ச இடம், கரண்ட் போர்டுக்கும் பாத்ரூம் போற வழிக்கும் நடுவுல. கேட்லாக்ல பேர் தப்பு. திறப்பு விழாவுக்கு வந்ததுல பாதிப்பேர் படம் வெச்சவங்களோட சொந்தக்காரங்க. அவங்க படத்தை நாங்க பார்த்தோம், எங்க படத்தை அவங்க பார்த்தாங்க. சமோசா நல்லா இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து நான் என்ன பண்ணேன்? சாஃப்ட்வேர்க்காரன் புத்தி, எக்ஸெல் திறந்தேன். கட்டணம், ஃப்ரேம், கேன்வாஸ், ஆட்டோ எல்லாம் கூட்டி பதினாலாயிரம் செலவு, வரவு பூஜ்யம்னு காட்டினேன். "இதுக்கு வீட்லயே மாட்டி வெச்சிருக்கலாமே"ன்னு ஒரு கமெண்ட் வேற.

தங்கமணி ஷீட்டைப் பார்க்கக்கூட இல்லை. "மைசூர்லேர்ந்து வந்த ஒரு பெரியவர் என் படத்து முன்னாடி பத்து நிமிஷம் நின்னாருங்க. ஆத்துல ஏன் தண்ணியே இல்லைன்னு கேட்டார். பத்து வருஷத்துல என்கிட்ட படத்தைப் பத்திக் கேட்ட முதல் ஆள் அவர்"னு சொன்னாங்க. அந்தப் பத்து வருஷமும் கூடவே இருந்த ஆள் யாருன்னு உங்களுக்கே தெரியும்.

இது நடந்த அடுத்த பொங்கலுக்குத்தான் மேலே சொன்ன டைம்பாஸ் சமாச்சாரம்.

பேச்சில்லாத அந்த நாலு நாள்ல குரூப் ஷோன்னா என்னன்னு உட்கார்ந்து படிச்சேன். தனியா கண்காட்சி வைக்க வழியில்லாதவங்க பண்ற வேலைன்னுதான் நெனைச்சிட்டிருந்தேன். பார்த்தா சென்னையில 1944லேயே கே.சி.எஸ். பணிக்கர் மத்த ஓவியர்களோட சேர்ந்து முற்போக்கு ஓவியர் சங்கம் ஆரம்பிச்சிருக்கார். பம்பாயில 1947ல் சூசா, ரஸா, உசேன், ஆரா, காடே, பாக்ரேன்னு ஆறு பேர் ஒரு குழுவா கிளம்பினாங்க. இன்னிக்கு உசேன் படம் கோடிக்கணக்குல போகுது. ஆனா அந்த உசேன் சினிமா பேனர் வரைஞ்சு பிழைச்ச ஆள்தான். 1966ல் நம்ம சோழமண்டலம் உருவானதும் இப்படித்தான். ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் பண்ணி வித்து, அந்தக் காசைச் சேர்த்து கடற்கரை ஓரமா நிலம் வாங்கினாங்க. தனியா முடியாததை சேர்ந்து பண்ணியிருக்காங்க. என் எக்ஸெல்ல இதுக்கெல்லாம் காலம் கிடையாது.

அஞ்சாம் நாள் மன்னிப்பு கேட்டேன். "சரி விடுங்க. சித்ர சந்தைக்கு விண்ணப்பம் போடணும், வந்து ஃபோட்டோ எடுத்துக் குடுங்க"ன்னு பதில் வந்துச்சு. சமாதானம்!

பெங்களூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003லேர்ந்து நடத்தற தெருக் கண்காட்சி இது. ஒரு ஞாயித்துக்கிழமை குமாரகிருபா ரோடு முழுக்க வண்டியை நிறுத்திட்டு, ரெண்டு பக்கமும் ஆயிரத்துக்கு மேல ஓவியர்கள் கடை போடுவாங்க. கேலரி கமிஷன் கிடையாது. வாங்கறவரும் வரைஞ்சவரும் நேருக்கு நேர்.

2019 ஜனவரியில எங்களுக்கு இடம் கிடைச்சுது. காலங்காத்தால தயிர்சாதம், கயிறு, கிளிப், பத்து படம், தூக்கக் கலக்கத்துல பொண்ணுன்னு போய் இறங்கினோம். பதினோரு மணிக்கெல்லாம் நம்ம ஊர் தேர்த்திருவிழாக் கூட்டம். "எஷ்டு மேடம்?"னு விலை கேக்கறவங்கதான் அதிகம். ஒருத்தர் மூவாயிரம் ரூபா படத்தை எண்ணூறுக்குக் கேட்டார். நான் மெதுவா, "குடுத்துடேன், தூக்கிட்டுப் போறது மிச்சம்"னேன். தங்கமணி பார்த்த பார்வையில ரெண்டடி பின்னாடி போயிட்டேன்.

"சதுர அங்குலத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு வெச்சிருக்கேங்க. இன்னிக்கு எண்ணூறுக்குக் குடுத்தா, போன மாசம் முழு விலை குடுத்து வாங்கினவங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடும். பக்கத்துக் கடைக்காரரோட விலையையும் சேர்த்துக் கெடுக்கறேன்"னு அப்புறமா விளக்கம். பதினஞ்சு வருஷ அனுபவத்துல எங்க சேல்ஸ் டீமுக்கே இது தெரியாது.

சாயங்காலம் ஒரு கல்லூரிப் பையன் வந்து "ஆர்ட்டிஸ்ட் யாரு சார்?"னான். "இவங்கதான்"னு கையைக் காட்டினேன். நல்லவேளை, வேற எதையும் சேர்த்துச் சொல்லலை. ரெண்டு சின்னப் படம் வித்துச்சு.

2021ல் கொரோனாவால சந்தையே ஆன்லைனுக்குப் போச்சு. அது அவங்களுக்குப் பிடிக்கலை. "ஃபோன்ல எல்லாப் படமும் ஒரே சைஸ்"னாங்க.

2023ல் சந்தையில பழகின நாலு பெண்கள் சேர்ந்து ஒரு சின்ன ஹாலை அஞ்சு நாளைக்கு வாடகைக்குப் பிடிச்சாங்க. வாடகை நாலு பங்கு, கமிஷன் இல்லை, மாத்தி மாத்தி உட்காரணும். ரங்கமணிகளுக்கு ஆணி அடிக்கிற உத்தியோகம். எல்லாப் படத்தோட நடுவும் கண் மட்டத்துல ஒரே கோட்டுல இருக்கணுமாம். நாலு மணி நேரம் டேப்பும் கையுமா நின்னேன்.

வித்த படத்துப் பக்கத்துல சின்னதா சிவப்புப் பொட்டு ஒட்டுவாங்க. ரெண்டு நாள் ஆகியும் தங்கமணி பக்கம் ஒண்ணுகூட இல்லை. ஆபீஸ் நண்பன் ஒருத்தன்கிட்ட காசைக் குடுத்து ஒண்ணை வாங்க வைக்கலாமான்னு எனக்கு ஒரு யோசனை. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, "உங்க ஃப்ரெண்ட்ஸ் யாராவது வாங்கினா எனக்குத் தெரிஞ்சுடும். பொய்ப் பொட்டு வேண்டாம்"னு சொல்லிட்டாங்க. இருபது வருஷம் ஆனாலும் நம்ம மூஞ்சி அவங்களுக்குக் கண்ணாடிதான்.

நாலாம் நாள் ஒரு டாக்டரம்மா, அம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. அந்தம்மாவுக்குத் திருவையாறு. வறண்ட ஆத்தோட படித்துறைப் படத்துக்கு முன்னாடி நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துட்டாங்க. பொட்டு ஒட்டினது என் பொண்ணு.

கணக்கு? இன்னும் நஷ்டத்துலதான் ஓடுது. பொய் சொல்ல விரும்பலை. ஆனா அந்த ஷீட்டை நான் திறக்கறதை விட்டுட்டேன்.

ஜனவரியில பெங்களூர்ல இருந்தீங்கன்னா சந்தைக்குப் போய்ப் பாருங்க மக்களே. வாங்காட்டியும் பரவாயில்லை. எடுத்தவுடனே விலையைக் கேக்காம, இது எந்த ஊருன்னு ஒரு கேள்வி கேளுங்க. அப்படியே உங்க வீட்டுப் பரணையும் ஒரு தடவை எட்டிப் பாருங்க.