கை மாறிய வண்டியும் கை பழகிய வேலையும்

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர், செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில், 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவோடு வந்த வண்டிகள் பரவும் வரை ஓடிய இருசக்கர வாகனங்களின் பூர்வீகத்தைத் தேடிப்பார்த்தால், அவற்றுள் பல ஐரோப்பாவில் வரையப்பட்டு இந்தியாவில் வார்க்கப்பட்டவை என்பது தெரியவரும். புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தைச் சேர்ந்தது. ஜாவாவும் அதன் வழிவந்த யெஸ்டியும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து மைசூருக்கு வந்தவை. ராஜ்தூத் போலந்து நாட்டு வண்டி ஒன்றின் இந்திய வடிவம். திருப்பதியில் உருவான சுவேகா மொபெட் பிரான்ஸின் மோட்டோபெக்கான் நிறுவனத்தின் உரிமம் பெற்றது. வெஸ்பாவும் லாம்பிரெட்டாவும் இத்தாலியக் குழந்தைகள். ஆகவே கீழ்பென்னாத்தூர் வட்டாரத்திலிருந்து பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்த ஒருவர் அங்கே பழைய ஐரோப்பிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கும்போது, முன்பின் அறியாத பொருளைக் கைக்கொள்கிறார் என்று கருத இடமில்லை. அவருக்குப் புதிதாக இருப்பவை அதைப் பேணும் முறையும், அப்பேணுதல் யார் கையில் இருக்க வேண்டும் என்பது பற்றி அந்நாடு கொண்டிருக்கும் எண்ணமுமே ஆகும்.

இவ்வுறவின் நடுவில் நிற்பது புல்லட். 1955-இல் மதராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உதிரிகளைப் பூட்டினார்கள், பின்னர் அவ்வுதிரிகளை வார்க்கும் அச்சுகளையும் கருவிகளையும் வாங்கி எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது; பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவனில் எஞ்சியிருந்த தொழிற்கூடமும் 1970-இல் நின்றது. பிறந்த மண்ணில் மறைந்துவிட்ட அந்த எஞ்சினைச் சென்னையின் வடகோடியில் இருந்த தொழிலாளர்கள் உயிரோடு காத்தார்கள் என்பதும், 1977-இல் அது பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயிற்று என்பதும் தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறாத செய்திகள். இன்று பிரிட்டனில் பழைய என்ஃபீல்டு வைத்திருப்போர், தம் வண்டி ரெட்டிச்சில் பிறந்ததாயினும், பல உதிரிப்பாகங்களுக்குச் சென்னையையே நம்பியிருக்கிறார்கள். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ குடியிருக்கும் தமிழர் ஒருவர் அத்தகைய வண்டியை வாங்கி, தபாலில் வந்த உதிரிப்பாகத்தின் உறையைப் பிரித்து அதில் தம் மாநிலத்தின் பெயரைக் காணும்போது அவர் அடையும் பெருமிதம் நியாயமானது.

ஆனால் வண்டியில் ஏறுவதற்கு முன்பே அந்நாடு அவரை முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது. இந்திய ஓட்டுநர் உரிமம் பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்களுக்கே செல்லும். அதைக் கொடுத்துப் பிரிட்டன் உரிமமாக மாற்றிக்கொள்ளும் வசதி இந்தியர்க்கு இல்லை. அதன்பின், பத்தாண்டுகள் புல்லட் ஓட்டியவராயினும், சிபிடி எனப்படும் கட்டாய அடிப்படைப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, இரு கட்டச் செய்முறைத் தேர்வு ஆகியவற்றைக் கடந்தே தீர வேண்டும். ஆற்றல் வரம்பில்லாத வண்டிகளுக்கான உரிமத்தை நேரடியாகப் பெறக் குறைந்தது 24 வயது ஆகியிருக்க வேண்டும். இதை அவமதிப்பாகக் கொள்வோர் உண்டு. எனினும், ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் தூரத்தையும், தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத் தடம் மாறும் பழக்கத்தையும் யாரும் முறையாகக் கற்பித்திராத ஓர் ஊரிலிருந்து வருபவருக்கு, அப்பயிற்சி நாள்கள் உயிர் காப்பவை என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

கை மாறும் வண்டியை வாங்குவதிலும் இரு நாடுகளின் போக்கு வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் செகண்ட் ஹேண்ட் வண்டி பார்ப்பவர், ஆர்சி புத்தகத்தில் கடன் பாக்கி குறித்த ஹைபோதிகேஷன் பதிவு இருக்கிறதா என்று பார்த்து, 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி, தமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, அவர் தலையசைத்தால் மட்டுமே முன்பணம் கொடுப்பார். பிரிட்டனில் வி5சி எனப்படும் பதிவுப் புத்தகம் வண்டியைப் பதிவில் வைத்திருப்பவர் யார் என்பதைக் காட்டுமேயன்றி உரிமையாளர் யார் என்பதற்குச் சான்றாகாது; கடன் விவரமும் அதில் இராது, அதைத் தனியே கட்டணம் செலுத்தித் தேடிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கட்டிய ஆயுட்கால வரி வண்டியோடு சேர்ந்தே போகும். அங்கோ 2014 அக்டோபர் முதல் விற்றவரின் சாலை வரி விற்பனையோடு முடிந்துவிடுவதால், வாங்கியவர் புதிதாக வரி கட்டாமல் வண்டியை ஓட்டிச் செல்ல முடியாது. இவற்றுக்கு ஈடாக அந்நாடு தருவது ஒரு பெரும் கொடை: எம்ஓடி என்னும் ஆண்டுச் சோதனையின் வரலாறு. மூன்றாண்டு நிறைந்த வண்டிகள், 40 ஆண்டு கடந்த வரலாற்று வாகனங்கள் நீங்கலாக, ஆண்டுதோறும் பிரேக், விளக்கு, டயர், சக்கர பேரிங் முதலியவற்றுக்கான சோதனையில் தேற வேண்டும். அன்றைய ஓட்டத் தூரமும், தேறியிருந்தாலும் விரைவில் கவனிக்க வேண்டிய குறைகளும் பதிவு செய்யப்பட்டு, வண்டி எண்ணை மட்டும் கொண்டு எவரும் இலவசமாகப் படிக்கும்படி வைக்கப்படுகின்றன. கீழ்பென்னாத்தூரில் மெக்கானிக்கின் நினைவில் இருக்கும் வண்டி வரலாறு அங்கே ஏட்டில் இருக்கிறது. முன்பின் அறியாதவரிடம் வாங்கும் புதுக்குடியேறிக்கு அது எத்தகைய பாதுகாப்பு என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

வாங்கியபின் முதலில் மோதுவது கூலி. பிரிட்டனில் தேர்ந்த மெக்கானிக் ஒருவரின் ஒரு மணி நேர உழைப்புக்குப் பல பத்து பவுண்டுகள் கொடுக்க வேண்டியிருப்பதால், பழைய வண்டியின் சிறு வேலைகளைப் பட்டறைக்கு அனுப்பினால் வண்டியின் விலையைப் பராமரிப்புச் செலவு சில ஆண்டுகளில் தாண்டிவிடும். எனவே வைத்திருப்பவரே ஸ்பானரை எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் பட்டம் பெற்ற ஒருவர் தம் வண்டியின் பிளக்கைக்கூடக் கழற்றாமல் வாழ்நாளைக் கழித்துவிடலாம். அதற்குக் கூலி மலிவு ஒரு காரணம் என்றால், கையில் கிரீஸ் படும் வேலை படித்தவருக்கு உரியதன்று என்ற ஆழமான எண்ணம் மற்றொரு காரணம். புலம்பெயர் வாழ்வு அவ்வெண்ணத்தைக் கலைக்கிறது. தோட்டத்துக் கொட்டகையில் ஆசிரியரும் மருத்துவரும் வங்கி அதிகாரியும் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பதை அவர் காண்கிறார். 1960-இல் ஜான் ஹெய்ன்ஸ் தொடங்கிய நிறுவனம் வெளியிடும் பராமரிப்பு நூல்கள், ஒரு வண்டியை முழுவதும் கழற்றித் திரும்பப் பூட்டி, ஒவ்வொரு படியையும் படம்பிடித்து எழுதப்படுபவை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கேட்டு வளர்ந்தவர், எண்ணெய்க் கறை படிந்த அந்த ஏட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டே வேலை கற்கிறார்.

அவ்வேலையின் தன்மையைப் புல்லட்டின் டேப்பட் சரிபார்ப்பைக் கொண்டு விளக்கலாம். வால்வுகளைத் திறக்கும் விசையைக் கேமிலிருந்து மேலே கொண்டுசெல்லும் நீண்ட கம்பிகளுக்குப் புஷ்ராடு என்று பெயர். எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கையில், இரு வால்வுகளும் மூடியிருக்கும்படி பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, சிலிண்டர் அடியில் உள்ள சிறு மூடியைத் திறந்தால் அவை தெரியும். இரு விரல்களால் திருகினால் புஷ்ராடு தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. இந்த அளவை விரல் நுனிதான் அறியும். கிக்கரை உதைப்பதும் அப்படியே: டிகம்ப்ரஸர் நெம்பைப் பிடித்துக்கொண்டு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல நகர்த்தி, நெம்பை விட்டு, அதன்பின் ஒரே உதை. திருவண்ணாமலைப் பக்கத்துப் பட்டறைச் சிறுவர்கள் பத்து நாளில் கற்றுக்கொண்ட இவ்வித்தையைப் பிரிட்டன் ஆர்வலர்கள் நூல்களில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அறிவு ஒன்றே, எழுதி வைத்தவருக்குக் கிடைத்த மதிப்பு, செய்துகாட்டிய நம் மெக்கானிக்குக்குக் கிடைக்காமல் போனது பெரிய அநீதி.

பழைய பிரிட்டன் வண்டிகளில் இன்னொரு தடை, ஸ்பானர். ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்மொழிந்த 55 பாகைத் திருகுமுறையும் அதன் கிளைகளும் அவ்வண்டிகளில் கலந்து கிடக்கின்றன. மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டு இறுக்கினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். புதிய ஐரோப்பிய வண்டிகளுக்கு வேறு கவனம் வேண்டும். டுகாட்டியின் பல மாடல்களில் வால்வை மூடுவதும் சுருள்வில்லுக்குப் பதிலாகக் கேமின் வேலையே என்பதால் அளவுகள் நுட்பமானவை. கேமைச் சுழற்ற ரப்பர் பெல்ட் உள்ளவற்றில் அதைக் காலம் தவறாமல் மாற்றியாக வேண்டும். பிஎம்டபிள்யூ பாக்ஸர் வண்டிகள் பலவற்றிலோ இரு சிலிண்டர்களும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால் டேப்பட் வேலையைச் சாலையோரத்திலேயே முடித்துவிடலாம். அதே பிஎம்டபிள்யூவின் ஜி310 வண்டிகள் ஓசூரில் டிவிஎஸ் ஆலையில் உருவானவை. அந்த டிவிஎஸ் 2020-இல் பிரிட்டனின் நார்ட்டனையே வாங்கியது.

குளிர்காலம் வேறொரு பாடம். பனி உறையாமலிருக்கச் சாலையில் தூவும் கல்லுப்பு, ஆரக்கம்பியையும் சைலன்சரையும் பிரேக் காலிப்பரையும் அரித்துவிடும். கடலோரத்தில் வசித்திராத கீழ்பென்னாத்தூர்க்காரர் அறியாத துரு அது. பலர் சோர்ன் எனப்படும் அறிவிப்பைப் பதிவு செய்து, வண்டி சாலைக்கு வராது என்று அரசுக்குச் சொல்லி, வரியின்றிக் கொட்டகையில் நிறுத்திவிடுகிறார்கள். லண்டன்வாசிக்குப் புகைக் கட்டுப்பாட்டு மண்டலமும் உண்டு: யூரோ 3 தரத்தை எட்டாத 1999 வண்டிக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு, 40 ஆண்டு கடந்து வரலாற்று வாகனமாகப் பதிவான 1977 புல்லட்டுக்கு எதுவும் இல்லை.

பெட்ரோலைப் பொறுத்தவரை இரு நாட்டவரின் கவலையும் ஒன்றே. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் கார்பரேட்டர் வாஷர்களையும் இளக்குகிறது. ஈரத்தை ஈர்த்து டாங்கியின் உட்புறத்தைத் துருவேற்றுகிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கமாயிற்று, ஆனால் விலை கூடிய வகையில் 5 விழுக்காட்டுக் கலவை இன்றும் கிடைக்கிறது. இந்தியாவில் 20 விழுக்காடு வந்துவிட்ட நிலையில், கீழ்பென்னாத்தூர் பங்கில் 1980களின் புல்லட்டோடு வந்து நிற்பவருக்குத் தேர்ந்தெடுக்க வேறு குழாய் இல்லை. பிரிட்டன் ஆர்வலர்கள் கண்ட தீர்வு, எத்தனாலைத் தாங்கும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்னும் குறியிட்ட பெட்ரோல் குழாய்க்கு மாறுவதும், மாதக்கணக்கில் நிறுத்தும் முன் கார்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுவதும் ஆகும். விடுமுறைக்கு ஊர் செல்பவர் தம் பழைய மெக்கானிக்குக்கு அந்தக் குறியீட்டை எழுதிக் கொடுத்து, அவர் பட்டறையில் நிற்கும் வண்டிகளுக்குப் போதுமான அளவு குழாயையும் வாங்கிச் செல்வாரானால், மதராஸிலிருந்து பல பத்தாண்டுகளாகப் பிரிட்டனுக்குப் போய்க்கொண்டிருக்கும் உதிரிகளுக்கு அது சிறிய கைம்மாறாக அமையும்.