இடம் மாறிய கொம்பு

2023 சாரல் காலத்தில் அக்காள் மகனுக்காக ஒரு சிறு கணினி விளையாட்டு எழுதத் தொடங்கினேன். தென்காசியில் புறப்படும் குரங்கு ஒன்று குற்றாலத்து அருவிகள்தோறும் தாவிச் சென்று, சிதறிய எழுத்துகளைப் பொறுக்கி ஊர்ப்பெயர்களை அமைக்க வேண்டும். (குளிக்க வருவோரின் பையைப் பறிக்கும் நம்மூர்க் குரங்குகளைவிட நாகரிகமானது.)

அசைவு, ஒலி, மோதல் எல்லாவற்றையும் ஆயத்தமாய்த் தரும் எஞ்சின் ஒன்று வேண்டுமல்லவா? முதலில் எடுத்தது ஒரு வணிக எஞ்சின், பெயர் வேண்டாம். எந்த ஐயத்துக்கும் எவரோ முன்பே விடை எழுதியிருந்தார். மூன்று வாரத்தில் குரங்கு தாவியது. பிறகு 'தென்காசி' என்று திரையில் இட்டேன். 'த' தனியே நிற்க, அதன் கொம்பு பின்னால் போய் 'ன்'னைப் பற்றிக்கொண்டது.

“மாமா, நம்ம ஊர் பேரே தப்பா வருதுல்லா” என்றான் பையன்.

யுனிகோடில் மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னுமாகச் சேமிக்கிறோம். இடம் மாற்றி வரைவது மென்பொருளின் கடமை. திஸ்கி காலத்தை மறவாத நண்பர்களுக்கு என் குறுக்குவழி புரியும்: கொம்பை முன்னால் தட்டச்சினேன். தென்காசி சரியாயிற்று, குற்றாலம் மசியவில்லை. 'கு' என்பது 'க'வோடு ஒட்டிய குறியன்று, தனி வடிவம்.

அந்தச் செப்டம்பரில்தான் யூனிட்டி நிறுவனம், 2 லட்சம் டாலர் வருவாயும் 2 லட்சம் நிறுவல்களும் கடந்த விளையாட்டுகளுக்கு, மேற்கொண்டு ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. விதியை நடுவழியில் மாற்றலாம் என்பதே சிறு நிரலாளர்களை உலுக்கியது. எதிர்ப்புக்குப் பின் 2024 செப்டம்பரில் அதைக் கைவிட்டது. அன்ரியலோ 10 லட்சம் டாலர் வரை பங்கு கேட்பதில்லை. என் குரங்கு எந்நாளும் அவ்வுயரம் தாவாது.

ஆகவே நான் கோடோவுக்கு மாறியது பணத்துக்காக அன்று, கொம்புக்காக. அர்ஜென்டினாவில் உருவாகி 2014-இல் எம்.ஐ.டி. உரிமத்தில் திறந்துவிடப்பட்ட எஞ்சின் அது. அதன் 3-ஆம் பதிப்பிலும் தமிழ் இவ்வாறே சிதறியது. 2023 மார்ச்சில் வந்த 4.0-இல் ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற நூலகத்தை இணைத்தார்கள். ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் தமிழை வடிவமைப்பது அதைக் கொண்டே. வெளியே ஏற்கெனவே இருந்ததை எடுத்துச் சேர்க்க எவர் அனுமதியும் தேவைப்படவில்லை. மூடிய எஞ்சினில் நான் செய்யக்கூடியது விண்ணப்பம் எழுதுவது ஒன்றே.

குறைகளும் உண்டு. முப்பரிமாணத்தில் அன்ரியலுக்கு அருகே அது நிற்காது. பிளேஸ்டேஷன் போன்றவற்றின் நிரல்கள் இரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை என்பதால், அங்கே கொண்டுசெல்லப் பிறரை நாட வேண்டும். மத்தளம்பாறையில் ஸோஹோ வந்தபின் இவ்வட்டாரத்தில் நிரல் படிக்கும் பிள்ளைகள் பலர். விளையாட்டுத் துறையில் வேலை வேண்டும் என்று அவர்களுள் ஒருவர் கேட்டால், தயங்காமல் வணிக எஞ்சினையே சொல்வேன்.

இப்போது செண்பகாதேவியும் தேனருவியும் பிழையின்றி வருகின்றன. புலியருவியில் மட்டும் குரங்கு பாறைக்குள் புகுந்து மறைந்துவிடுகிறது. அது என் பிழை; இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.