முதலில் தண்ணீர், பிறகு சுவர்

ஊர்காவற்றுறையில் வீடு கட்ட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் கைபேசியில் ஒரு படத்தோடு வருவார்கள். கனடாவில் இருக்கிற மகன் அனுப்பியதாக இருக்கும், இல்லாவிட்டால் கொழும்பில் யாரோ கீறிக் கொடுத்ததாக இருக்கும். எத்தனை அறை, போட்டிக்கோ எந்தப் பக்கம், பிறகு மேல்வீடு எடுக்கலாமா என்று கேட்பார்கள். மேசன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கலவைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரப்போகிறது? பலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. அறையையும் ஓட்டையும் பற்றிப் பேச வந்த இடத்தில் இவன் பவுசர் கணக்குப் பேசுகிறானே என்று முகம் சுருங்கும்.

தீவுப்பகுதியில் வீட்டைத் தின்பது உப்புத்தான். அது கலவைத் தண்ணீரோடு வரும், மணலோடு வரும், காற்றோடும் வரும். காற்றை மறிக்க எவராலும் முடியாது. மற்ற இரண்டும் வீட்டுக்காரர் கையில் இருக்கின்றன. பணத்தையும் பொறுமையையும் முதலில் அங்கே போடவேண்டும் என்பதே என் கட்சி. தரைக்கு மாபிளா டைல்சா என்பதை நாலு வருடம் கழித்தும் யோசிக்கலாம்.

எங்கள் கிணறுகளில் இருக்கிற நல்ல தண்ணீர், மழையாய் இறங்கி மண்ணுக்கடியில் உப்புநீரின்மேல் மிதக்கிற ஒரு படை. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியல்காரர் கணக்கு. அந்தக் கணக்கு மறுபக்கமும் வெட்டும். மோட்டரைப் போட்டு மேல்மட்டத்தை இறக்கினால் அடியிலிருந்து உப்பு அதே விகிதத்தில் ஏறப் பார்க்கும். வீடு கட்டுகிற மாதங்களில்தான் கிணற்றை இப்படி வதைக்கிறோம். விடியற்காலையில் மோட்டரைப் போட்டுவிட்டு மத்தியானம் வரை சுவருக்கு அடிப்பார்கள். வீடு குடிபூரும்போது கிணறு உவராகியிருக்கும். 50 கிலோச் சீமெந்துப் பை ஒன்றைக் குழைக்க ஏறத்தாழ 25 லீற்றர் போதும். மிச்சமெல்லாம் நனைக்கிற தண்ணீர். சாக்கைப் போர்த்தி, அதன்மேல் காலையும் மாலையும் வாளியால் ஊற்றினால் தேவை பாதியாகக் குறையும். கம்பி போடுகிற கொங்கிறீற்றுக்கு மட்டும் உவர்த் தண்ணீர் கூடவே கூடாது. வேலணைச் சாட்டிக் கிணறுகளிலிருந்து பவுசரில் எடுத்தாலும் பரவாயில்லை, லின்ரலுக்கும் பீமுக்கும் நல்ல தண்ணீரே வேண்டும்.

மணல் கதை இதைவிட மோசம். ஆற்று மணல் வன்னியிலிருந்து வரவேண்டும். ஏற்றுகூலியைக் கேட்டதும் மனம் கடற்கரைப் பக்கம் போகும். ஒரு வீட்டுக்கார அக்கா என்னிடம் கேட்டார்:

“தம்பி, கடல் மண்ணைக் கழுவிப்போட்டுக் கட்டினால் என்ன?”

“கழுவலாம் அக்கா. கழுவுற தண்ணியை எங்கை எடுப்பம்?”

சிரித்துவிட்டு லொறிக்குச் சொல்லி அனுப்பினார். மணல் வந்ததும் பார்க்க ஒரு முறை இருக்கிறது. கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும் மேலே நல்ல தண்ணீரும் விட்டுக் குலுக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேலே படிகிற சேற்றுப் படை மணல் உயரத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டினால் லொறியைத் திருப்பிவிடலாம். மேலே தெளிந்த தண்ணீரை நாக்கில் தொட்டுப் பாருங்கள். கரித்தால் அந்த மணல் பூச்சுக்கும் ஆகாது, கம்பிக்கும் ஆகாது. அத்திவாரக் கிடங்குக்குள் நிரப்பவும் நான் விடமாட்டேன். அடியில் போட்டது ஒருநாள் மேலே வந்தே தீரும்.

அது மேலே வருகிற விதத்தைப் பழைய வீடுகளில் பார்க்கலாம். நிலத்திலிருந்து முழங்கால் உயரம் வரை சுவர் கருமைதட்டி ஈரமாக நிற்கும். அந்த ஈரம் முடிகிற விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். விரலால் தடவினால் மா மாதிரி உதிரும். அதற்குப் பின்னால் பூச்சு சுவரை விட்டு விலகி நிற்பதைத் தட்டினால் வரும் சத்தமே சொல்லும். ஈரம் சுவருக்குள் ஏறி, வெளியே காய்கிற இடத்தில் உப்பை விட்டுவிட்டுப் போகிறது. அந்த உப்பு மணிகட்டி வளரும்போது பூச்சைத் தள்ளுகிறது. பெயின்ற் மேல் பெயின்ற் அடித்து ஒன்றும் ஆகாது. அத்திவாரம் முடிந்து சுவர் தொடங்குகிற மட்டத்தில் ஈரம் ஏறாத தடுப்பு, நாங்கள் டி.பி.சி. என்கிறது, ஒருநாள் வேலை. தாரும் தடித்த கலவையும் சேர்ந்த செலவு, மொத்த வீட்டுச் செலவில் கணக்கிலேயே வராது. ஆனாலும் கட்டி முடிந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதால் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

பழைய சுண்ணாம்புச் சுவரைத் திருத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அதன்மேல் தடித்த சீமெந்துப் பூச்சுப் போடாதீர்கள். சுண்ணாம்பு மூச்சு விடும், சீமெந்து விடாது. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு சுவரையே அரிக்கும். உதிர்ந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே ஒட்டுங்கள். நெடுந்தீவில் சாந்தே இல்லாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகள் இன்னும் நிற்கின்றன. அதற்காக முருகைக்கல் தேடிப் புறப்பட வேண்டாம். 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988 இன் திருத்தமும் கரையோர வலயத்தில் அதை எடுப்பதையும் சூளை வைப்பதையும் தடுத்திருக்கின்றன. அதே சட்டத்தின்படி கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்கும் அனுமதி வேண்டும். எங்கள் காணிகளில் பல அந்த 300 மீற்றருக்குள்தான். பிரதேச சபைக்குப் போகிற நாளிலேயே இதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அத்திவாரம் வெட்டிய பிறகு கடிதம் வந்தால் வயிறு எரியும்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கிற ஹம்மன்ஹீல் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். போர்த்துக்கேயர் கட்டியது, 1658 இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. வடக்குப் பக்கக் கொத்தளத்துக்குக் கீழே வெற்றிடம் விட்டு, மரத் தீராந்திகளின்மேல் கல்லைத் தாங்கவைத்திருந்தார்கள். மரம் இற்றுப்போகும் என்று பயந்து, 1680 இல் ஒல்லாந்தர் தீராந்திகளை எடுத்துவிட்டுக் கல் வளைவு கட்டினார்கள். இந்தக் காற்றில் எது முதலில் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம்முடைய காலத்துத் தீராந்தி கொங்கிறீற்றுக்குள் இருக்கிற கம்பி. துருப்பிடித்த கம்பி வீங்கும், வீங்கினால் கொங்கிறீற் வெடிக்கும். கம்பிக்கும் பலகைக்கும் இடையில் ஒன்றரை அங்குலம் குறையாமல் கவர்கல் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். கொட்டுகிற அன்று பக்கத்தில் நின்று பாருங்கள். பலகையைத் தொட்டுக்கொண்டு கம்பி கிடந்தால் அந்த இடம் முதலில் வெடிக்கும். மேலே தட்டையாகப் பிளாற் போடுகிற ஆசை வெளிநாட்டுக் காசோடு சேர்ந்து வந்தது. என்னைக் கேட்டால் இங்கே ஓடுதான் நல்லது. நன்றாக முற்றி வைரம் பாய்ந்த பனையில் சலாகையும் வளையும் போட்டு மேலே ஓடு. பனை தறிக்கவும் அனுமதி வேண்டும், அதையும் முதலே எடுத்துவையுங்கள். 2015, 2016 காலத்தில் வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் தரப்போகிறோம் என்று அரசாங்கம் சொன்னது. வெக்கையையும் துருவையும் காட்டிப் பொறியியலாளர்கள் எதிர்த்தார்கள். ஒரு தகரப் படலை எத்தனை சோளகக் காற்றைத் தாங்கும் என்று அறிந்த எங்களுக்கு அந்த விவாதம் நீண்டதே அதிசயம்.

காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம். சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும், வாடை வடகிழக்கிலிருந்து வீசும். ஆண்டின் பெரும்பகுதிக் காற்று இந்த ஒரே கோட்டில்தான் போய்வருகிறது. நிலையம் எடுக்கிறவர்கள் குசினியை அக்கினி மூலையில் வை என்பார்கள். தென்கிழக்கு மூலை அந்தக் காற்றுக் கோட்டுக்கு வெளியே விழுகிறது. எந்தப் பருவத்திலும் புகை வீட்டுக்குமேல் வராது. சாத்திரத்தில் நம்பிக்கை இல்லாதவர்களும் இந்த ஒரு விடயத்தில் நிலையகாரர் சொல்கிறபடி செய்யலாம்.

கிணறு ஈசான மூலையில், மலசலகூடக் குழி எதிர் மூலையில் என்பதும் பழைய கணக்குத்தான். 2 பரப்புக் காணி கிட்டத்தட்ட 5,445 சதுர அடி. சதுரமாக இருந்தால் மூலைக்கு மூலை 100 அடிக்குச் சற்று மேல். உங்கள் காணிக்குள் இது சரி. ஆனால் பக்கத்துக் காணிக்காரர் தன் குழியை உங்கள் கிணற்றடி வேலியோடு வெட்டினால்? எங்கள் நிலம் சுண்ணாம்புப் பாறை. வெடிப்புகளும் பொந்துகளும் உள்ள பாறைக்குள் அழுக்கு வடிபடாமலே ஓடும். அதனால் வீட்டுப் படம் கீறுவதற்கு முன்பே வேலிக்கு அந்தப் பக்கம் போய் நாலு வீட்டுக் குழிகளையும் கிணறுகளையும் ஒரு தாளில் குறியுங்கள். உறவும் கெடாது, தண்ணீரும் கெடாது.

நயினாதீவு, நெடுந்தீவுக்காரருக்குச் சாமான் ஏற்றி இறக்குவதே தனி வேலை. குறிகட்டுவானில் லொறியிலிருந்து படகுக்கு, படகிலிருந்து மறுபடி ட்ராக்டருக்கு. அங்கே சீமெந்தை மொத்தமாக வாங்கி அடுக்குவதில் லாபம் இல்லை, கடற்காற்றில் பை கட்டிபட்டுவிடும். அந்தந்தக் கிழமை வேலைக்கு வேண்டியதை மட்டும் இறக்கி, பலகைமேல் சுவரைத் தொடாமல் அடுக்கவேண்டும்.

2012 இல் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீட்டுக்காரர் தாமே நின்று கட்டுகிற முறை வந்தது. வீட்டுக்கு 550,000 ரூபா, ஏறத்தாழ 550 சதுர அடி, காசு தவணை தவணையாக. சொந்தக் கையால் கட்டுவது நல்ல முறை. ஆனால் ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்த தவணை என்றதும் வேகம் கூடிவிடும். லின்ரல் நனைந்து இறுகும் முன்பே மேலே கல் ஏறும். வங்கிக் கடனில் கட்டுகிறவர்களுக்கும் இதே அவசரம் உண்டு. எந்தத் தவணையானாலும் கொங்கிறீற்றுக்கு ஒரு கிழமை ஈரம் கொடுக்காமல் அடுத்த வரி வைக்க விடாதீர்கள்.

வேலையைப் பருவத்தோடு பிணைத்தால் தண்ணீர்க் காசு மிஞ்சும். தை பிறந்ததும் அத்திவாரம் போட்டு, ஆவணிக்குள் ஓடு வேய்ந்து, பீலியும் தொட்டியும் வைத்துவிடுங்கள். மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் கொட்டுகிறது. ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் என்று வைத்தால் 550 சதுர அடிக் கூரையில் 60,000 லீற்றருக்குமேல் விழும், சிந்தியது போக 45,000 ஆவது பிடிபடும். தொட்டி கொள்ளுமளவு நிரப்பி, தைக்குப் பிறகு பூச்சையும் நிலத்தையும் அந்தத் தண்ணீரிலேயே செய்யலாம். உப்பில்லாத பூச்சு அப்படித்தான் கிடைக்கும். முதல் இரண்டு மழையை மட்டும் தொட்டிக்குள் விடாதீர்கள். சோளகம் முழுக்க ஓட்டில் படிந்த உப்பும் காக எச்சமும் அதோடு வரும். பீலிக் குழாயின் அடியில் ஒரு மூடி வைத்து, மழை தொடங்கும்போது கழற்றிவிட்டு, ஓடு கழுவுப்பட்ட பிறகு பூட்டினால் போதும்.